கழுத்தைக் கொஞ்சம் பாருங்க சாமி!

ஒருத்தன் கோபத்தோட உச்சத்துல இருந்தான்னு சொல்றதுக்கு நம்ம ஊர்ல என்ன சொல்வோம்? "கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான்"னு சொல்வோம். அந்த நரம்பு, நரம்பே இல்லை. ரத்தக் குழாய். பாடப்புத்தகத் தமிழில் சிரை. கத்தும்போது நெஞ்சுக்கூட்டை இறுக்குகிறோம், உள்ளே அழுத்தம் ஏறுது, இதயத்துக்குத் திரும்பிப் போக வேண்டிய ரத்தம் வாசல்லயே தேங்கிக் கழுத்தில் புடைக்குது. ஆக, இதயத்துக்குப் பக்கத்துல இருக்கிற சிரை அழுத்தத்தை ஊசி குத்தாமல் கண்ணாலேயே பார்க்கும் வித்தை தமிழனுக்கு எப்பவோ தெரியும். (உடனே லெமூரியா வரைக்கும் போயிடாதீங்க மக்களே, சும்மா சொன்னேன் :-))

இந்தப் பதிவு அந்தக் கழுத்தைப் பற்றித்தான். இன்னும் சரியாச் சொன்னா, அந்தக் கழுத்தைப் பார்க்காமல் விடுகிறவர்கள் மேல எனக்கிருக்கும் எரிச்சலைப் பற்றி. இதுல இரண்டு கோஷ்டி இருக்கு. முதல் கோஷ்டி, "ஊசி போட்டு அளந்தாத்தான் அது அளவு, மத்ததெல்லாம் கிளி ஜோசியம்"னு சொல்றவங்க. இரண்டாவது நம்ம பங்காளிங்க, பொட்டி தட்டுற கோஷ்டி. "கழுத்தைப் பார்க்கிறதெல்லாம் தாத்தா காலத்து வேலை. ஒரு சென்சார், ஒரு ஆப், மேல கொஞ்சம் ஏ.ஐ. தூவினா முடிஞ்சது." பார்க்க எதிரெதிர் அணி மாதிரி தெரியும். ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி. நம்பர் வியாதி.

"பொட்டி தட்டுறவனுக்கு வைத்தியத்துல என்ன வேலை?"ன்னு ஒருத்தர் பின்னூட்டம் போடுவார், தெரியும். அண்ணே, வைத்தியம் டாக்டர் வேலைதான். அளவெடுக்கிறது இன்ஜினியரிங். நாலு வருஷம் லேபுல உட்கார்ந்து பிழை வரம்பு எழுதினவனுக்கு அதைப் பற்றிப் பேச உரிமை உண்டு.

சரி, மேட்டருக்கு வருவோம்.

உங்க வீட்டு மோட்டாரையும் சம்ப்பையும் நினைச்சுக்கோங்க. இதயம் மோட்டார். உடம்பெல்லாம் சுற்றிவிட்டு வர்ற ரத்தம் மோட்டார் பக்கத்துல இருக்கிற சம்ப்புக்குத் திரும்புது. அந்த சம்ப்புதான் இதயத்தின் வலது மேலறையும் அதில் வந்து சேரும் பெருஞ்சிரைகளும். அங்கே இருக்கும் அழுத்தம்தான் மத்திய சிரை அழுத்தம், ஆஸ்பத்திரி பாஷையில் சி.வி.பி. நல்லா இருக்கிற ஆளுக்கு சுமாரா 2 முதல் 8 மில்லிமீட்டர் பாதரசம். கையில பட்டை சுத்தி 120/80-ன்னு பார்க்கிறோமே, அதோட ஒப்பிட்டா இது சுண்டைக்காய்.

சம்ப்புல மட்டம் ஏறினா ரெண்டு காரணம் இருக்கலாம். தண்ணி அதிகமா இருக்கு, இல்லேன்னா மோட்டார் இழுக்கலை. மட்டத்தை மட்டும் பார்த்தா எதுன்னு தெரியாது. இந்த வரியை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

இதை "முறைப்படி" அளக்கணும்னா கழுத்திலோ, காறை எலும்புக்குக் கீழேயோ ஊசி போட்டு, பெருஞ்சிரைக்குள்ள ஒரு நீளக் குழாயை விடணும். மனுஷன் இதயத்துக்குள்ள குழாய் விட முடியும்னு காட்டியவர் வெர்னர் ஃபோர்ஸ்மான். 1929, ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே. 25 வயசுப் பையன் தன் கை சிரையில தானே 65 செ.மீ. குழாயை ஏத்திக்கிட்டு, அப்படியே மாடிப்படி இறங்கி எக்ஸ்ரே ரூமுக்கு நடந்து போனார். 1956-ல் நோபல் பரிசு. அந்தத் தைரியத்துக்கு ஒரு சலாம். ஆனா அந்தக் குழாய்க்கு விலை உண்டு. குறி தப்பினா நுரையீரல் ஓட்டையாகும், தமனியில குத்தும். நாள் ஆக ஆக கிருமித் தொற்று, ரத்தக்கட்டி. வீரியமான மருந்துகளை ஏற்ற அந்தக் குழாய் தேவைப்படும் நோயாளிக்குக் கண்டிப்பா போடணும், அதுல எனக்கு எந்தத் தகராறும் இல்லை. வெறும் ஒரு நம்பர் பார்க்கப் போடறதுலதான் தகராறு.

ஊசி இல்லாத வழி என்ன? ஒன்று இல்லை, பல.

முதல் வழி கழுத்து. வலப்பக்கக் கழுத்துச் சிரை கிட்டத்தட்ட நேர்கோட்டில் இதயத்தின் வலது மேலறைக்கு இறங்குது. டேங்க் ஓரத்துல மட்டம் பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் இருக்குமே, அதேதான். இயற்கை வெச்ச மானோமீட்டர். ஆளை சுமார் 45 டிகிரியில் சாய்ச்சு, தலையை லேசா இடப்பக்கம் திருப்பி, பக்கவாட்டில் டார்ச் அடிச்சா, தோலுக்கடியில் ஒரு துடிப்பு தெரியும். துடிப்பு எந்த உயரம் வரை தெரியுதோ அதுதான் மட்டம். நெஞ்செலும்பில் மேலே ஒரு மேடு இருக்கு பாருங்க, தடவினா தெரியும். அதிலிருந்து செங்குத்தா 3 செ.மீ.க்கு மேல மட்டம் போனா அழுத்தம் அதிகம். 1930-ல் லண்டனில் சர் தாமஸ் லூயிஸ் இதை எழுதினார். கருவி: ஒரு ஸ்கேல். செலவு: பேட்டரி.

"அது தமனியா சிரையா எப்படித் தெரியும்?" நல்ல கேள்வி. தமனி விரலுக்குத் தட்டுப்படும், இது தட்டுப்படாது. தமனி ஒரு துடிப்புக்கு ஒரு தடவை எகிறும், இது பெரும்பாலும் ரெண்டு அலையா மெல்ல ஆடும். மூச்சை இழுத்தா மட்டம் இறங்கும், ஆளை நிமிர்த்தினா இறங்கும், அடியில லேசா அழுத்தினா மறையும். தமனி இதுக்கெல்லாம் அசையாது.

இரண்டாவது வழி கை. புறங்கையில் புடைச்சிருக்கும் சிரையைப் பார்த்துக்கிட்டே கையை மெல்ல உயர்த்தினா, ஒரு உயரத்துல சிரை தட்டையாகும். இதய மட்டத்துலயே தட்டையாயிட்டா சரி. நல்லா மேல தூக்கியும் புடைச்சே இருந்தா, கவனிக்கணும்.

மூன்றாவது அல்ட்ராசவுண்ட். வயிற்றுக்கு மேல வெச்சு, இதயத்துக்குள் நுழையும் கீழ்ப்பெருஞ்சிரையின் அகலத்தைப் பார்ப்பாங்க. அமெரிக்க எக்கோ கழகம் 2010-ல் தந்த வழிமுறைப்படி, அகலம் 2.1 செ.மீ.க்குள் இருந்து, மூக்கை உறிஞ்சும்போது பாதிக்கு மேல சுருங்கினா அழுத்தம் 3. அகலம் அதைத் தாண்டி, பாதிகூடச் சுருங்கலேன்னா 15. ரெண்டுக்கும் நடுவுல இருந்தா 8.

நான்காவது எனக்கு ரொம்பப் பிடிச்சது. முன்கை சிரை மேல அல்ட்ராசவுண்டை வெச்சு, அதோட முனையில் ஒரு அழுத்தமானியையும் சேர்த்து, சிரை நசுங்க எவ்வளவு அழுத்தம் தேவைன்னு பார்க்கிறது. 2007-ல் ஸ்விட்சர்லாந்து மருத்துவர்கள் இதை வெளியிட்டாங்க. சைக்கிள் டியூபை அமுக்கிக் காத்து பார்க்கிற அதே பிசிக்ஸ்!

இப்ப முதல் கோஷ்டிக்கு வர்றேன். "இதெல்லாம் துல்லியம் இல்லை." சரி, துல்லியமானதுன்னு நீங்க சொல்ற குழாயோட துல்லியம் என்ன? குழாயின் வெளி முனையில் இருக்கும் டிரான்ஸ்டியூசரை இதயத்தின் உயரத்துக்குச் சரியா வைக்கணும். கட்டிலை ஏத்தி இறக்கும்போது 5 செ.மீ. மாறிப்போச்சுன்னா? 1.36 செ.மீ. தண்ணீர் என்பது 1 மில்லிமீட்டர் பாதரசம். ஆக 5 செ.மீ.க்குப் பிழை 3.7. மொத்த இயல்பு வரம்பே 2-லிருந்து 8 வரைதான், அதுல 3.7 பிழை! திரையில் மட்டும் பளிச்சுனு பச்சையிலோ நீலத்திலோ ஒரு எண் ஓடும். எண் பளிச்சுனு இருந்தா அளவு சரின்னு அர்த்தம் இல்லைங்கிறது பர்ஸ்ட் இயர் லேப் பாடம்.

சரி, சரியாவே அளந்துட்டீங்க. அந்த எண்ணை வெச்சு என்ன பண்ணீங்க? அதுதான் பெரிய கூத்து. குறைஞ்சிருந்தா சலைன் ஏத்து, கூடியிருந்தா நிறுத்து. பல வருஷம் இதுதான் விதி. 2001-ல் ரத்தத்தில் தொற்று பரவியவர்களுக்கான பிரபலமான சிகிச்சைமுறை ஒன்று அமெரிக்காவில் வந்தது, சி.வி.பி.யை 8 முதல் 12 வரை கொண்டு வரணும் என்பது அதில் ஒரு இலக்கு. 2004-ல் உலக வழிகாட்டியிலும் ஏறிடுச்சு. அப்புறம் 2008-ல் பால் மாரிக் குழுவினர் 24 ஆய்வுகளை, 803 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தாங்க. சி.வி.பி.க்கும் உடம்பில் உள்ள ரத்த அளவுக்கும் ஒட்டுறவு 0.16. யாருக்குத் திரவம் ஏத்தினா இதயம் கூடுதலா அடிக்கும்னு கணிக்கும் திறன் 0.56. இதுல 0.5-ன்னா காசு சுண்டிப் பார்க்கிறதுக்குச் சமம். அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே "ஏழு பெண் குதிரைகளின் கதை"ன்னு இருக்கும். ஏன்னா சி.வி.பி. ரத்த அளவோட ஒத்துப்போகுதுன்னு அவங்க கண்ட ஒரே ஆய்வு, நின்னுக்கிட்டிருந்த ஏழு குதிரைகள் மேல நடந்தது. என்ன கொடுமை சார் இது!

2014-லும் 2015-லும் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் என்று மூணு பெரிய ஆய்வுகள் வந்தன. அந்த இலக்குமுறையைப் பின்பற்றியவர்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களை விட அதிகமாகப் பிழைக்கவில்லை. சம்ப்பு மட்டம் பற்றி மேல ஒரு வரி சொன்னேனே, அதுதான் காரணம். மட்டம் தெரிஞ்சா மட்டும் மோட்டார் நிலவரம் தெரியாது.

இப்ப நீங்க மடக்குவீங்க: "அப்ப சி.வி.பி.யே வேஸ்ட்னா கழுத்தை மட்டும் எதுக்குப் பார்க்கணும்? சேம் சைட் கோல் போடறியே தம்பி?"

இல்லை. இங்கதான் விஷயமே இருக்கு. "இவருக்கு எவ்வளவு திரவம் தேவை?" என்ற கேள்விக்கு அந்த எண்ணில் பதில் இல்லை. "இவர் உடம்பு ஏற்கனவே நிறைஞ்சு வழியுதா?" என்ற கேள்விக்குப் பதில் இருக்கு. ரெண்டும் வேற வேற கேள்வி. இரண்டாவதற்கு 7-ஆ 8-ஆ என்ற துல்லியம் தேவையே இல்லை. குறைவு, நார்மல், அதிகம், அவ்வளவுதான். அமெரிக்க எக்கோ கழகமே 3, 8, 15 என்று மூணே விடைதான் கொடுக்குது, கவனிச்சீங்களா? அது ஒளிவுமறைவு இல்லாத அளவுகோல். 7.4-ன்னு சொல்லி ஏமாத்தலை.

இந்த "அதிகம்" என்ற ஒற்றை விடைக்கு எடை உண்டு. இதயச் செயலிழப்பு உள்ள 2569 பேரின் தரவை வெச்சு 2001-ல் வந்த ஆய்வில், சாதாரணமாகக் கழுத்தைப் பார்த்து "மட்டம் ஏறியிருக்கு"ன்னு டாக்டர் எழுதியவர்கள், மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்வதும் இறப்பதும் மத்தவங்களை விட அதிகமா இருந்தது. வெறும் கண். அவ்வளவுதான். சிரையில் தேங்கும் அழுத்தம் சிறுநீரகத்தையும் ஈரலையும் பின்பக்கமா அமுக்குதுன்னு அடுத்தடுத்த ஆய்வுகளும் சொல்லுது.

இதுல எனக்கு ஏன் இவ்வளவு கோபம்னா, எங்க பெரியப்பா. 68 வயசு, பழைய இதய நோயாளி. ரெண்டு வாரமா அசதி, படியேறினா இரைப்பு, சாயங்காலம் ஆனா கால் வீக்கம். பக்கத்துல ஒரு கிளினிக். பேர் வேண்டாம். "ரொம்ப டயர்டா இருக்கு, ஒரு பாட்டில் ஏத்துங்க டாக்டர்"னு கேட்டது பெரியம்மாதான். நம்ம ஊர்ல அது வழக்கம். டிரிப்ஸ் ஏத்தினா தெம்பு வரும். ஏத்தினாங்க. மறுநாளும் ஒன்னு. ரெண்டாவது நாள் ராத்திரி படுக்க முடியலை, உட்கார்ந்தே மூச்சு வாங்குறார். நுரையீரல்ல தண்ணி. ஆறு நாள் ஐ.சி.யூ. அங்கே ஒரு டூட்டி டாக்டர், சின்னப் பொண்ணு, வந்ததும் கட்டிலைச் சாய்ச்சு சட்டைக் காலரை விலக்கிக் கழுத்தைப் பார்த்துட்டு, மானிட்டர் மாட்டறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க: "தண்ணி நிறைஞ்சிருக்கு. யார் இவருக்கு டிரிப்ஸ் போட்டது?" ஒரு நிமிஷம் கூட ஆகலை. அதே ஒரு நிமிஷத்தை அந்தக் கிளினிக்ல செலவு பண்ணியிருந்தா?

டிரிப்ஸே தப்புன்னு நான் ஜல்லி அடிக்கலை. பேதியில் வற்றினவருக்கு, ரத்தம் போனவருக்கு, டெங்குவில் குழாய்களிலிருந்து நீர் கசிகிறவருக்கு அது உயிர். ஏத்தறதுக்கு முன்னாடி பாருங்கன்னுதான் சொல்றேன். சந்தேகமா? இன்னொரு இலவச வித்தை இருக்கு: ஆளைப் படுக்க வெச்சு ரெண்டு காலையும் உயர்த்தினா, காலில் இருக்கும் சுமார் 300 மில்லி ரத்தம் இதயத்துக்குப் போகும். இதயம் அதை வாங்கிக் கூடுதலா அடிக்குதா பார்க்கலாம், அதை அளக்க எக்கோ மாதிரி ஏதாவது வேணும். அடிக்கலையா, காலை இறக்கிடுங்க. நம்ம பாஷையில் சொன்னா, டெஸ்ட் பண்ணிட்டு ரோல்பேக். சலைன் பாட்டிலுக்கு ரோல்பேக் கிடையாது.

அடுத்து நம்ம கோஷ்டி. "கண்ணை ஏன் நம்பணும், மெஷின் வெச்சிடலாமே." வையுங்க, யார் வேண்டாம்னா? கண்ணுக்கும் குறை இருக்கு. கழுத்து குட்டையா, தடிமனா இருந்தா தெரியாது. அழுத்தம் ரொம்ப ஏறிப்போனா மட்டம் தாடைக்கு மேல போய் ஒளிஞ்சுக்கும். அப்ப ஆளை நிமிர்த்தி உட்கார வெச்சுப் பார்க்கணும். லூயிஸ் வழியில் நெஞ்செலும்பு மேட்டுக்கும் இதய அறைக்கும் நடுவே 5 செ.மீ. என்று எடுத்துக்கறோம், சாயும்போது அந்த தூரம் கூடும், அதனால் கழுத்து கொஞ்சம் குறைச்சே காட்டும். எல்லாம் உண்மை.

ஆனா மெஷினுக்கும் குறை இருக்குன்னு ஒத்துக்கோங்க. கீழ்ப்பெருஞ்சிரை ஓட்டப்பந்தய வீரருக்கு நோயில்லாமலே அகலமா இருக்கும். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு மூச்சின் அழுத்தமே தலைகீழ், அதனால் அந்த சுருங்கும் கணக்கு செல்லாது. அதனாலதான் 2020-ல் கனடாக்காரங்க, அந்தச் சிரையோடு ஈரல், குடல், சிறுநீரகச் சிரைகளின் ஓட்டத்தையும் சேர்த்துப் பார்க்கும் முறையைக் கொண்டு வந்தாங்க. ஒற்றை எண்ணை நம்பாதேங்கிற பாடத்தை மெஷின்காரங்களே கத்துக்கிட்டாங்க.

இன்னொன்னு, இந்திய யதார்த்தம். போனில் செருகும் அல்ட்ராசவுண்ட் சந்தையில் இருக்கு. ஆனா இங்கே கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டப்படி ஒவ்வொரு ஸ்கேன் மெஷினும் பதிவு செய்யப்பட்ட இடத்துல இருக்கணும். சட்டைப்பையில் போட்டுக்கிட்டு ஊர் ஊராப் போக முடியாது. பெண் குழந்தைகளைக் காக்க வந்த அவசியமான சட்டம், அதைத் தளர்த்தச் சொல்ல மாட்டேன். அப்ப இரண்டு ரூம் கிளினிக்குக்கு மிச்சம் என்ன? கழுத்தும் டார்ச்சும்.

கழுத்தை கேமராவில் பிடிச்சு துடிப்பைக் கணக்கிடும் ஆராய்ச்சியும், அகச்சிவப்பு ஒளியைக் கழுத்தில் அடிச்சு அளக்கும் ஆராய்ச்சியும் நடக்குது. நல்ல விஷயம். எழுதப் போற நண்பர்களுக்கு என் வேண்டுகோள் மூணு.

1. ஒற்றை எண்ணைக் காட்டாதீங்க. "அதிகம்", "இல்லை", "தெரியலை" என்று காட்டுங்க. அந்த "தெரியலை" பட்டனை மறைச்சு வைக்காதீங்க.

2. எந்த ஆளுக்கு உங்க கருவி வேலை செய்யாதுன்னு பெட்டி மேலேயே எழுதுங்க. நம்ம ஊர்த் தோல் நிறத்துல ஒளிக்கருவியைச் சோதிச்சீங்களா, அதையும் எழுதுங்க.

3. டாக்டரின் கண்ணைத் தூக்கிப் போடும் ஆப் வேண்டாம். கண்ணைப் பழக்கும் ஆப் செய்யுங்க. தமனி எது, சிரை எதுன்னு பயிற்சி மாணவர் நூறு கழுத்து பார்த்துப் பழக ஒரு கருவி வந்தா, நானே வார இறுதியில் உட்கார்ந்து கோட் எழுதறேன்.

படிக்கிற உங்களுக்கும் ஒன்னு. வீட்டில் இதய நோயாளியோ சிறுநீரக நோயாளியோ இருந்து, கால் வீக்கமோ இரைப்போ இருந்தா, யாராவது "ஒரு பாட்டில் ஏத்திக்கலாமா"ன்னு கேக்கும்போது, மரியாதையா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "டாக்டர், கழுத்தைப் பார்த்தீங்களா?" நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டார். கோவிச்சுக்கிட்டா, வேற டாக்டரைப் பாருங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. கண்ணாடி முன்னாடி நின்னு கழுத்தைப் பார்த்து நீங்களே மாத்திரையைக் கூட்டிக் குறைச்சுக்காதீங்க. மருத்துவப் பதிவர்கள் மாற்றுக் கருத்து இருந்தா வாங்க, பின்னூட்டத்தில் சண்டை போடலாம். கழுத்து நரம்பு புடைக்காம :-)